வாசலைத் தாண்டினால்

டயகம, கீழ் டிவிஷன்
29.09.2024

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் மெரினாவுக்கு அம்மா பெற்றீசியா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் அண்ணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கொழும்புக் கடையில் உன் அண்ணன் ஜூலியனும் சுகம். மன்னார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு மணியை உனக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்தின நவசந்நியாச வருடம் தொடங்கிவிட்டது, இனிமேல் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று எழுதியிருந்தாய். அதுவும் நல்லதுதான். போனில் பேசினால் உன் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்கே காதைக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன். கடிதம் என்றால் அவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார். ஆனால் ஒன்று. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி மறுபக்கத்தைச் சும்மா விட்டிருக்கிறாய். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறவள் செய்கிற வேலையா இது? அந்த வெறும் பக்கத்தில்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன். நீ எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீயே வைத்துக்கொள்.

தோட்டத்தில் லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. கோவாவும் இலை உருண்டு சுற்றத் தொடங்கிவிட்டது. உன் அண்ணி சுலக்ஷனா லீக்ஸின் பச்சைப் பக்கத்தை வெட்டி எறிகிறாள். "அது கசக்கும் அத்தை" என்கிறாள். "ஏன்டி, வெள்ளைய மட்டும் திங்கிறதுக்கு நாம என்ன தொரை வீடா?" என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அதே பச்சையைச் சுண்டிக் கொடுத்தேன், ரெண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பன்றி இறங்குகிறது. அப்பா பழைய தகரங்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். பன்றி வந்தால் தகரச் சத்தத்தில் லயத்து வீடெல்லாம் எழும்புகிறது, கட்டினவர் மட்டும் குறட்டை விடுகிறார்.

மேல் டிவிஷன் ஸ்டெல்லாவைப் பற்றித் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் இன்னும் பேசுகிறார்கள். தகப்பன் செத்ததற்கு மடத்திலிருந்து வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. "வாசலத் தாண்டிட்டா முடிஞ்சிச்சாம், மறுபடி எடுக்க மாட்டாங்களாம்" என்கிறார்கள். அவள் தாய் கோயிலுக்கு வந்தால் இப்போது கடைசிப் பெஞ்சில், பின்வாங்கில்தான் உட்காருகிறாள். நீ அப்படி வந்து நின்றுவிடாதே மகளே. அடுத்த செப்டம்பரில் உன் வார்த்தைப்பாட்டுக்கு நான் முன்வாங்கில் உட்கார வேண்டும். எனக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

வயிற்றில் ஒரு வலி வந்து வந்து போகிறது. வாய்வுதான். இஞ்சி போட்டுச் சாயத்தண்ணி குடிக்கிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா பெற்றீசியா

*

டயகம
24.11.2024

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் மெரினாவுக்கு அம்மா. நாங்கள் நலம். உன் இருமல் விட்டதா? கடல் காற்றுதானே என்று தலையைத் துடைக்காமல் நிற்காதே.

போன கடிதத்தில் ரெண்டு பக்கமும் எழுதியிருந்தாய், சந்தோஷம். மடத்துத் தோட்டத்தில் உன்னைக் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்ற விட்டிருக்கிறார்களாம். இங்கே ஒரு வாளி தூக்கச் சொன்னால் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்பாயே! மணலில் தண்ணீர் நிற்காது. அரிசி கழுவின தண்ணீரையும் செடியடியில் ஊற்று.

இந்த மாதம் தோட்டத்தில் நான் அதிகம் இறங்கவில்லை. மழை. அப்பாவும் சுலக்ஷனாவும் கரட் பிடுங்கினார்கள். சுலக்ஷனாவுக்கு மருந்து எடுக்க நுவரெலியா ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போனேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

பாலன் பிறக்கிற நத்தாருக்கு ரெண்டு நாள் விட மாட்டார்களா? கேட்டுப் பார். இல்லை என்றால் பரவாயில்லை.

இன்னொன்று, சும்மா கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது நோய், பெரிய வருத்தம் என்று வந்தால் உன்னை அனுப்புவார்களா? அனுப்பினால் திரும்ப எடுப்பார்களா? அப்பாவுக்கும் வயது போகிறது, அதற்காகத்தான் கேட்கிறேன். மதரிடம் விசாரித்து ஒரு வரி எழுது. கட்டாயம் எழுது.

உன் அம்மா

*

டயகம
01.12.2024

அன்பு மகன் ஜூலியனுக்கு அப்பா இக்னேசியஸ் எழுதுவது. உன் உடம்பு எப்படி? கடையில் சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?

போனில் அம்மா உன்னிடம் வாய்வு என்று சொல்லியிருப்பாள். அவள் பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். காது கேட்காவிட்டாலும் அவள் வாயைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அது வாய்வு இல்லை மகனே. நுவரெலியாவில் டொக்டர் சுலக்ஷனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குப் புற்றுநோய். வயிற்றுக்குள் பரவிவிட்டது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம் என்றாராம். அம்மா விடவில்லை, சுலக்ஷனாவை உலுக்கி உண்மையைக் கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டுவிட்டு அவளையே ஆற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மெரினாவுக்குச் சொல்வோம் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வருத்தம் என்று கேட்டால் மெரினா அந்த நிமிடமே ஓடி வந்துவிடுவாள், வந்தால் ஸ்டெல்லா மாதிரி அவள் கதையும் முடிந்தது என்கிறாள். சாடையாக மெரினாவிடம் கேட்டு எழுதியிருக்கிறாள். போகலாம், திரும்பி வரலாம் என்று பதில் வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். இல்லை என்று வந்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மாதா சுரூபத்தைத் தொட வைத்து எங்களிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.

மகளைப் பார்க்க அவளுக்கு உயிர் துடிக்கிறது. தபால்காரன் வருகிற நேரம் வாசல் ஸ்தோப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பதில் வர வேண்டும் என்று நீயும் செபி.

அப்பா

*

கொழும்பு
08.12.2024

அன்பு அப்பாவுக்கு மகன் ஜூலியன். கடிதத்தைக் கடைக்குப் பின்னால் நின்று வாசித்தேன். அழுதுவிட்டேன் அப்பா.

மடத்துக்கு நானே கோல் எடுத்து மதரிடம் கேட்கிறேனே? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "எம் பேச்ச மீறி நீ போனப் போட்டா எம் மூஞ்சியில முழிக்காத" என்று திட்டிவிட்டுக் கட் பண்ணிவிட்டார். பிறகு அவரே திரும்ப எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் என்ன செய்ய?

மெரினாவின் பதில் வந்ததும் சுலக்ஷனாவிடம் சொல்லி எனக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கள். நத்தாருக்கு லீவு எடுத்து வருகிறேன். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறேன். விலையைக் கேட்டால் பாதியாகச் சொல்லுங்கள்.

ஜூலியன்

*

நவசந்நியாச மடம், மன்னார்
15.12.2024

கிறிஸ்துவில் அன்பான அம்மா, அப்பா, அண்ணி எல்லோருக்கும் மெரினாவின் நத்தார் வாழ்த்துகள். இறைவன் அருளால் நான் நலம். இருமல் விட்டுவிட்டது.

அம்மா, உங்களை எனக்குத் தெரியாதா! ஹட்டனில் விடுதியில் இருந்து படித்தபோது, "அம்மாவுக்கு ரொம்ப முடியல, ஒடனே வரவும்" என்று ஆள் விட்டீர்களே. பதறி அடித்துக்கொண்டு வந்தால், நீங்கள் அடுப்படியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். "பாக்கணும்போல இருந்திச்சு, வேற எப்புடிக் கூப்புடுறது?" என்று சிரித்தீர்கள். இப்போதும் அதே வேலையைத் தொடங்குகிறீர்கள் என்று உங்கள் கேள்வியைக் கண்டதுமே புரிந்துவிட்டது. அந்தப் பருப்பு இங்கே வேகாது!

தெளிவாகச் சொல்கிறேன், கேளுங்கள். இந்த ஒரு வருடம் நாங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. நத்தாருக்கும் இல்லை, வருத்தம் துன்பத்துக்கும் இல்லை. வாசலைத் தாண்டினால் வருடமே செல்லாது. நான் என்னை முழுதாகக் கடவுளிடம் கொடுத்துவிட்டேன் அம்மா. பாதி இங்கும் பாதி அங்குமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள்தானே என்னைச் சின்ன வயதில் மாதாவுக்கு நேர்ந்துவிட்டீர்கள்? அப்படியானால் பின்னால் இழுக்காதீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். செப்டம்பரில் முன்வாங்கில் உங்களைப் பார்ப்பேன். அதுவரை என்னைக் கூப்பிட மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
மெரினா

*

டயகம
19.01.2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகள் மெரினாவுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் அனைவரும் நலம். நத்தாருக்கு ஜூலியன் வந்து போனான். எனக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டு வந்தான். எவ்வளவு என்று கேட்டால் மூவரும் மூன்று விலை சொல்கிறார்கள். களவாணிக் கூட்டம்!

உன் கடிதத்தை வாசித்தேன். சபாஷ். பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். கோழி வெட்டின கதையை நீ இன்னும் மறக்கவில்லையே, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. நீ சொன்னது சரி. நேர்ந்துவிட்ட பிறகு கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. உன்னைக் கூப்பிட மாட்டேன். இது அம்மா கொடுக்கிற வாக்கு. எது நடந்தாலும் கூப்பிட மாட்டேன், நீ நிம்மதியாக இரு.

கையில் சுளுக்கு. அதனால் நான் சொல்லச் சொல்ல சுலக்ஷனா எழுதுகிறாள். தோட்டத்தையும் அவளிடமே விட்டுவிட்டேன். நான் ஸ்தோப்பில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதோடு சரி. விதைக் கிழங்கு பிரிக்கத் தெரியாமல் இருந்தாள், இப்போது என்னைவிட நன்றாகப் பிரிக்கிறாள். லீக்ஸ் பச்சையையும் எறிவதில்லை. நல்ல பிள்ளை. இதை எழுத மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள், எழுதுடி என்று சொல்லி எழுத வைக்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு மகளே. நீ இருக்கிற பக்கம் பார்த்துத்தான் தினமும் சிலுவை போடுகிறேன். உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மா

மெரினா, இது சுலக்ஷனா. முடிந்தால் அத்தைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுங்கள். அவங்களுக்கு உங்கள் கடிதம் என்றால் உயிர்.

*

நவசந்நியாச மடம், மன்னார்
16.02.2025

அன்புள்ள அம்மாவுக்கு மெரினா. எல்லோரும் நலம்தானே? கைச் சுளுக்குக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள். அண்ணியின் கையெழுத்து உங்களுடையதைவிட அழகாக இருக்கிறது, சொல்லிவிடுங்கள்.

நீளமாக எழுத ஆசைதான். நேரம் இல்லை. என்னோடு தோட்ட வேலை செய்கிற லூசியா கொஞ்ச நாள் இல்லாததால் அவள் பங்கையும் நானே செய்தேன். உள்ளங்கை எல்லாம் கொப்புளம். உங்கள் கை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா, விபூதிப் புதனிலிருந்து தபசு காலம். பாஸ்கா வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நீங்களும் எழுத வேண்டாம். உங்கள் வாக்குக்கு நன்றி. அது எனக்குப் பெரிய பலம்.

பாஸ்காவுக்கு நிறைய எழுதுகிறேன்.

மெரினா

*

நவசந்நியாச மடம், மன்னார்
20.04.2025, உயிர்த்த ஞாயிறு

அன்பு அம்மாவுக்குப் பாஸ்கா வாழ்த்துகள்! சுகமாக இருக்கிறீர்களா? அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் பூசைக்குப் போனீர்களா?

இன்று காலை மதர் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருந்த கடிதங்களைக் கொடுத்தார். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எழுத வேண்டாம் என்று நான்தானே சொன்னேன்! மற்றவர்களின் அம்மாமார் கேட்கவில்லை, என் அம்மா மட்டும் சொன்ன சொல் காப்பாற்றுகிறார் என்று மதரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா, செப்டம்பருக்கான பெயர்கள் வந்துவிட்டன. என் பெயர் இருக்கிறது. பெற்றோருக்கு முன்வாங்கு. முதல்நாளே வந்து மடத்திலேயே தங்கலாம். அன்று இரவு நாங்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். என்ன சமைக்கட்டும்? இங்கே மீன் குழம்பு வைக்கப் பழகிவிட்டேன்.

உடனே பதில் போடுங்கள். இந்த முறை உங்கள் கையால் எழுதுங்கள்.

மெரினா

*

டயகம
27.04.2025

அன்பு மகள் மெரினாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மா பெயருக்கு வந்த உன் கடிதத்தை நான்தான் பிரித்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதுகிறேன். தைரியமாக இரு மகளே. அம்மா போய்விட்டாள். தபசு காலத்தின் நான்காம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில் போனாள். புற்றுநோய். நவம்பரிலேயே தெரியும்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். உன் நத்தார்க் கடிதத்தை வாசித்த அன்று கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு எழும்பி, "எம் மக ஒறுதியாத்தான் இருக்கா. இனி யாரும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள். அந்தக் கடிதம் கடைசி வரை அவள் தலையணைக்கடியில்தான் இருந்தது.

கடைசி வாரம் உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்கவில்லை, சுலக்ஷனா சொன்னாள். ஜூலியன் மடத்துக்கு எடுக்கப் போனை எடுத்தான். நான்தான் அதைப் பிடுங்கி வைத்தேன். பங்குச் சாமி கேட்டபோது உனக்குச் சொல்லிவிட்டோம் என்று பொய் சொன்னேன். பெட்டி மூடுகிற நேரம் சனம் என்னைப் பிடித்துக்கொண்டது. "பொம்பளப் புள்ள வந்து மொகம் பாக்காம எப்புடி மூடுறது?" என்று சத்தம் போட்டார்கள். சுலக்ஷனா முன்னால் வந்து, "நா இருக்கேன்" என்று சொல்லி அம்மாவின் நெற்றியில் முத்தி கொடுத்தாள். மகள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் அவள் செய்தாள்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும் மகளே. ஸ்கூல் மாஸ்டர் ஜீவராஜ் துக்கம் விசாரிக்க வந்தார். தாய் தகப்பன் சாகக் கிடந்தால் எந்த மடத்திலும் அனுப்புவார்கள், திரும்பவும் எடுப்பார்கள், ஸ்டெல்லா தனக்குப் பிடிக்காமல்தான் விட்டுவிட்டு வந்தாள் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனைப் பிடுங்கினது இந்தக் கை. அவர் சொல்வது உண்மையா? உன்னை விட்டிருப்பார்களா? விட்டிருக்க மாட்டார்கள்தானே? நீ முன்னே எழுதினதுதானே சரி? ஊர் வாயை நான் நம்ப மாட்டேன். உன் எழுத்தில் ஒரு வரி வந்தால் நம்புவேன்.

அப்பா

*

நவசந்நியாச மடம், மன்னார்
11.05.2025

அன்பு அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. இதைக் கொழும்பு விலாசத்துக்கு எழுதுகிறேன். அப்பாவிடம் காட்டாதே. அண்ணியிடம் மட்டும் சொல். அண்ணியின் காலைப் பிடித்து அழ வேண்டும்போல் இருக்கிறது.

அப்பாவின் கடிதத்தை மதர் தன் கையாலேயே கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் பிள்ள ஒருத்தரும் எனக்கொரு கோல் எடுக்கேல்ல? அண்டைக்கே வேனில அனுப்பியிருப்பனே."

அனுப்பியிருப்பார் அண்ணா. ஜனவரியில் லூசியாவின் அப்பாவுக்கு ஆபரேஷன். அவள் வீட்டுக்குப் போய், கூட இருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இப்போதும் என் பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறாள். அதை அம்மாவுக்கு நான் எழுதவில்லை. எழுதினால், "அவ போயிட்டு வந்தாளே, ஒனக்கென்ன?" என்று கேட்பார் என்று மறைத்தேன். டிசம்பரில் அம்மா கேட்டபோது மதரிடம் விசாரிக்கவே இல்லை. பெற்றோருக்கு முடியாவிட்டால் போகலாம் என்று முதல் வாரமே பாடத்தில் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படி எழுதினேன். அம்மாவின் வாயை ஒரேயடியாக அடைக்க வேண்டும் என்று எழுதினேன். அடைத்துவிட்டேன்.

"கட்டாயம் எழுது" என்று அம்மா கேட்டிருந்தார். அப்போதே நோய் தெரிந்துவிட்டது அண்ணா. என்னைப் பார்க்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார். நான் கோழிக் கதை சொல்லிச் சிரித்தேன்.

அப்பா இப்போது கேட்கிறார். போனைப் பிடுங்கின கையைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? உண்மையைச் சொன்னால் அவர் தாங்க மாட்டார். இதோடு அவருக்கும் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நீ அதை வாசிக்க நேர்ந்தால் ஒன்றும் பேசாதே. ஜீவராஜ் மாஸ்டரிடமும் போய் இனி இந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்.

எங்கள் கடிதங்கள் எல்லாம் மதர் வாசித்த பிறகுதான் போகும். நத்தார் வாழ்த்துக் குவியலில் என் டிசம்பர்க் கடிதம் மட்டும் அவர் வாசிக்காமலே போய்விட்டது. அப்பாவுக்கு எழுதினதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு உறையை அவரே ஒட்டினார். இந்த வரிகளை அதற்குப் பிறகு சேர்க்கிறேன்.

தங்கச்சி மெரினா

*

நவசந்நியாச மடம், மன்னார்
11.05.2025

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் தைரியமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் அம்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தோட்டத்தில் இறங்காதீர்கள். அண்ணி கொடுக்கிறதைச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். செப்டம்பரில் அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்வாங்கில் உங்கள் பக்கத்தில் அண்ணி உட்காரட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மாஸ்டர் வேறு மடங்களைப் பற்றிச் சொல்லியிருப்பார். இங்கே விட்டிருக்க மாட்டார்கள் அப்பா. நான் டிசம்பரில் எழுதினதுதான் சரி. அம்மாவுக்கு அது விளங்கியது, அதனால்தான் சொல்ல வேண்டாம் என்றார். போனை நீங்கள் வாங்கி வைத்ததில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க முடியாது.

என் எழுத்தில் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். இனி இதை யாரிடமும் கேட்காதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
மெரினா